நாலாவது வரி

ஆறுக்கு வாய் திறந்திருக்கணும். நான் கேட்டது அவ்வளவுதான். ஒன்பதும் அப்படித்தான், வாலை மடிச்சு வயித்துக்குள்ள சொருகிக்கக் கூடாது. ஒண்ணுன்னா மேல ஒரு மூக்கு, கீழே ஒரு பாதம். மூணுக்குத் தலை தட்டையா இருந்தா எட்டோட குழம்பாது. புள்ளி, புள்ளி மாதிரி தெரியணும், ஈ உக்காந்துட்டுப் போன மாதிரி இல்லை. இதைச் சொன்னதுக்கு இந்தக் கம்பெனியில என்னை ஒரு மாதிரிப் பாத்தாங்க. பாக்கட்டுமே! இரும்பைக் குடையறவனுக்கு அளவுதான் எல்லாமே. அது தப்பாத் தெரிஞ்சா அவன் கையில இருக்கிறது குப்பை.

நான் டிராயிங் ரூம்ல வேலை செய்யறேன், பத்தொன்பது வருஷமா. நாங்க செய்யறது தண்ணி பம்ப். பம்போட ஒவ்வொரு பாகத்தையும் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, அளவு போட்டு, தாள்ல அச்சடிச்சு கீழே மெஷின் ஷாப்புக்கு அனுப்பறது என் வேலை. என் வீட்டுக்காரர் அந்த மெஷின் ஷாப்புல லேத்து ஓட்டறாரு. அவருக்கு அங்கே பேரு மைக்ரான். தலைமுடி கனத்துல பாதி கூடப் பிசகாம கடைவாருன்னு வச்ச பேரு. அந்தப் பேரைக் கேட்டா எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் கர்வம்தான், மறைப்பானேன்.

டிராயிங்ல அளவு அச்சாகற பழைய எழுத்தை, ஃபாண்ட்டுன்னு சொல்வாங்களே, அதைத் தேர்ந்தெடுத்தது நான். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. அழகா இருக்குன்னு எடுக்கலை. இருபது விதமான எழுத்தை அச்சடிச்சேன். அதை ஜெராக்ஸ் எடுத்தேன், அந்த ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தேன், மூணாவது நகலை எண்ணெய்க் கையால தடவி, லேத்துக்கு மேல கிளிப்புல மாட்டி, ஒரு கை தூரத்துல நிக்க வச்சு ஆளாளுக்குப் படிக்கச் சொன்னேன். ஏன் மூணாவது நகல்னு கேப்பீங்க. ஷாப்புல எவனும் முதல் தாளை வச்சு வேலை செய்யறதில்லை. முதல் தாள் கிழியும், நகல் எடுப்பாங்க. நகல்ல டீ கொட்டும், அதுக்கு ஒரு நகல். அந்த மூணாவது நகல்லயும் எந்த எழுத்துல ஆறு ஆறாவே நிக்குதோ அதுதான் எங்களுக்குன்னு முடிவு பண்ணினேன். அழகு எதுக்கு, கல்யாணமா பண்ணிக்கப் போறோம்?

பதினோரு வருஷம் ஒரு குறை வரலை. அப்புறம் புது மேனேஜர் வந்தாரு. வெயில் கொளுத்தினாலும் கோட்டைக் கழட்ட மாட்டாரு, அதனால எங்களுக்கு அவரு கோட்டு சார். கம்பெனி போர்டு, லெட்டர் தாள், காபி கப்பு எல்லாத்துலயும் புதுசா ஒரு எழுத்து போட்டாரு. ஒல்லியா, வழவழன்னு, பட்டினி கிடந்த எழுத்து. அதுல ஆறு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கும். ஒண்ணு வெறும் குச்சி. கப்புல போடுங்க, யாரு வேண்டாம்னா? டிராயிங்லயும் அதான் வரணும்னாரு.

"சார், அது மூணாவது நகல்ல காணாமப் போயிடும்" அப்படின்னேன்.

"மேடம், உலகம் எங்கேயோ போயிக்கிட்டிருக்கு, நீங்க இன்னும் அந்தப் பழைய எழுத்தைக் கட்டிக்கிட்டு அழறீங்க" அப்படின்னாரு.

ஒரு மாதம் மல்லுக்கு நின்னேன். வீட்டுக்கு வந்தும் அதே புலம்பல்தான். சாம்பிளுக்கு அச்சடிச்ச தாளை வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன். மூஞ்சிக்கிட்ட கொண்டுபோனாரு, தள்ளிப் பிடிச்சாரு, தூக்கி மேசையில போட்டாரு.

"இது என்ன எழுத்தா, கொசுக் காலா? இதை வச்சு எவன் வேலை செய்யறது?" அப்படின்னு ஒரே திட்டு.

எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. மைக்ரானே சொல்லிட்டாரு, இனி யாரு என்ன பேச முடியும்? மறுநாளே கோட்டு சார்கிட்ட போய் நின்னேன். புது எழுத்துல இருபத்தி நாலு அளவு எழுதித் தர்றேன், மூணாவது நகல் எடுத்து லேத்துல மாட்டறேன், ஷாப்புலயே நல்ல கைகாரர் யாரோ அவரே படிக்கட்டும், தப்பில்லாம படிச்சுட்டா புது எழுத்தை நானே எல்லா டிராயிங்லயும் போட்டுத் தர்றேன்னு சவால் விட்டேன்.

"நல்ல கைகாரர்னா உங்க வீட்டுக்காரர்தானே? உங்களுக்காக வேணும்னே தப்பாப் படிச்சுட்டா?"

"வேலை விஷயத்துல அவரு பொய் சொன்னதே கிடையாது சார்" அப்படின்னேன். நெஞ்சை நிமித்திக்கிட்டு சொன்னேன். இப்போ நினைச்சாலும் என் வாயில நானே ஒண்ணு போட்டுக்கலாம் போல இருக்கு.

ரெண்டு நாள் உக்காந்து அந்தத் தாளைத் தயார் பண்ணினேன். நாலு வரி, வரிக்கு ஆறு அளவு. எல்லாமே குழப்பற பயலுங்க: ஆறும் எட்டும், மூணும் எட்டும், ஒண்ணும் ஏழும், அஞ்சும் ஆறும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைப்பையில வச்சு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டுல யாரு இருக்கா, அவரும் நானும்தானே. பையை எப்பவும் போல நாற்காலியில மாட்டினேன். ஜிப்பை இழுத்து மூடினேனான்னு கூட ஞாபகம் இல்லை. சொந்த வீட்டுல யாரு அதையெல்லாம் பாப்பாங்க?

திங்கக்கிழமை காலையில ஷாப்பே கூடிடுச்சு. அவரு லேத்துல தாளை மாட்டினேன். பக்கத்து லேத்துல ரேடியோ. அது அவரோட நெருங்கிய கூட்டாளிக்கு நாங்க வச்ச பேரு. மனுஷனுக்கு வாய் மூடாது, படிக்கிறது, பாடறது, திட்டறது எல்லாமே உரக்கத்தான். அன்னிக்கு என்னவோ சத்தமே காட்டாம நின்னுக்கிட்டிருந்தாரு. நான் அதைக் கவனிச்சேன், கவனிச்சு என்ன பிரயோஜனம்?

வீட்டுக்காரர் ஒரு கை தூரத்துல நின்னாரு. தொண்டையைச் செருமிக்கிட்டாரு. படிக்க ஆரம்பிச்சாரு.

இருபத்தி நாலும் சரி! ஒரு இடத்துல கூடத் தயங்கலை. நானே படிச்சிருந்தா ரெண்டு மூணு விட்டிருப்பேன். கோட்டு சார் கையைத் தட்டினாரு. நாலு பேர் சிரிச்சாங்க.

சாயங்காலம் பஸ்ஸ்டாப் வந்ததும் அவரே ஆரம்பிச்சாரு. "படிக்க முடிஞ்சுது, படிச்சேன். உனக்காக நான் பொய் சொல்லணுமா?"

"கொசுக் காலுன்னு சொன்னீங்களே?"

"அது வீட்டு வெளிச்சத்துல."

நியாயமாத்தானே பேசறாரு. எனக்கே வெக்கமாப் போச்சு. பதினோரு வருஷமா நாம பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நின்னுக்கிட்டிருந்தோமோ, ஷாப்புல இருக்கிறவங்க கண்ணு நம்ம கண்ணை விட நல்ல கண்ணோன்னு நினைச்சேன். பஸ் வந்துச்சு. "எந்த பஸ்ஸு?" அப்படின்னு கேட்டாரு. எப்பவும் கேப்பாரு. நானும் எப்பவும் சொல்லுவேன். அன்னிக்கும் சொன்னேன்.

சொன்ன சொல்லைக் காப்பாத்தினேன். ஒரே மாதத்துல அறுநூறு டிராயிங்கை மாத்தினேன். ஒவ்வொரு ஆறோட வாயையும் நானே தைச்சு மூடின மாதிரி இருந்துச்சு.

அது முடிஞ்ச மூணாவது வாரம் ரேடியோ மாட்டினாரு. பம்ப் உடம்புல பேரிங் உக்கார்ற துளை. அறுபத்தாறரை மில்லிமீட்டர்னு நான் போட்டிருந்தேன். ரேடியோ அறுபத்தெட்டரைன்னு குடைஞ்சுட்டாரு. ஒண்ணு இல்லை, இருபத்திரண்டு. தண்டு பெருசாப் போனா மறுபடி கடையலாம். துளை பெருசாப் போனா என்ன பண்றது, இரும்பை ஊதி வளர்க்கவா முடியும்? இருபத்திரண்டும் குப்பைக்குப் போச்சு. முதல் உருப்படியைச் சோதிச்சு ஓகே போட்ட இன்ஸ்பெக்டரும் அதே தாளைத்தான் பாத்தாரு, அவருக்கும் அறுபத்தெட்டாத்தான் தெரிஞ்சிருக்கு. ஆனா அவரு மாடி ஆபீஸ் ஆளு. பழி பூரா ரேடியோ தலையில. ஆளை வீட்டுல உக்கார வச்சுட்டு, வர்ற திங்கக்கிழமை விசாரணைன்னு சொல்லிட்டாங்க.

நான் மாடிக்கு ஓடினேன். "சார், இது ஆளோட தப்பில்லை, எழுத்தோட தப்பு!"

கோட்டு சார் நாற்காலியில சாய்ஞ்சுக்கிட்டாரு. "எழுத்து படிக்க முடியுதுன்னு நிரூபிச்சது யாரு மேடம்? உங்க வீட்டுக்காரர்தானே. இருபத்தி நாலுக்கு இருபத்தி நாலு. அவருக்குத் தெரிஞ்சது பக்கத்து மெஷின் ஆளுக்குத் தெரியலைன்னா அது அஜாக்கிரதை."

இறங்கி வந்தேன். திங்கக்கிழமை ரேடியோவுக்கு வேலை போயிடும். அஜாக்கிரதைன்னு எழுதி அனுப்பிட்டா வேற எந்த ஷாப்புலயும் சேத்துக்க மாட்டாங்க. என் வீட்டுக்காரர் படிச்ச அந்த இருபத்தி நாலுதான் ரேடியோ கழுத்துல கயிறா விழுந்துச்சு.

சனிக்கிழமை மழை. அவரோட வேலை ஷூ நனைஞ்சுடுச்சு, இன்னொரு ஜோடி இருக்குமேன்னு கட்டிலுக்கு அடியில இருந்த ஷூ பெட்டியை இழுத்தேன். அவரு கடைக்குப் போயிருந்தாரு. பெட்டியில ஷூவுக்கு அடியில மடிச்சு வச்ச காலண்டர் தாள் நாலு. பின்பக்கம் கருப்பு மார்க்கர்ல எண்கள். ஒவ்வொண்ணும் என் உள்ளங்கை அகலம். தாளுக்கு ஆறு எண். நாலு தாள்.

எனக்குப் படிக்கக் கூடத் தேவைப்படலை. ரெண்டு நாள் உக்காந்து நான் பொறுக்கி எடுத்த எண்கள், எனக்குத் தெரியாதா? அதே வரிசை. அவரோட கையெழுத்து. இன்னொண்ணு சொல்றேன், அதுதான் என்னைத் தரையில உக்கார வச்சுது. அவரு எழுதின ஆறுக்கெல்லாம் வாய் திறந்திருந்துச்சு. ஒண்ணுக்கு மூக்கு, பாதம் எல்லாம் இருந்துச்சு. நான் தேர்ந்தெடுத்த எழுத்து மாதிரியே, சுத்தமா. தனக்குப் படிக்கணும்னா என் எழுத்து வேணும். ஊருக்கு முன்னாடி என் மூக்கை உடைக்கப் புது எழுத்து.

என் பையில இருந்த தாளை போன்ல படம் பிடிச்சு, பெருசாக்கிப் பாத்து, இப்படி எழுதி வச்சு மனப்பாடம் பண்ணியிருக்காரு. ரெண்டு நாள். நான் பக்கத்து அறையில துணி மடிச்சுக்கிட்டிருந்த ரெண்டு நாள்.

அப்புறம் ஒவ்வொண்ணா வந்து சேந்துச்சு. எந்த பஸ்ஸுன்னு கேக்கறது. மாத்திரை அட்டையை "நீயே பாத்துக் குடு" அப்படிங்கறது. போன்ல வர்ற செய்தியை என்னைப் படிக்கச் சொல்லிட்டு "உன் குரல்ல கேட்டா நல்லா இருக்கு" அப்படிங்கறது. அடப்பாவி மனுஷா! அதைக் கொஞ்சல்னு நினைச்சு ஒரு வருஷமா உருகிக்கிட்டிருந்தேனே நான்!

நேரா ரேடியோ வீட்டுக்குப் போனேன். மனுஷன் ஒரு ஸ்டூல் மேல நின்னு மின்விசிறியைத் துடைச்சுக்கிட்டிருந்தாரு. காலண்டர் தாளை நீட்டினேன். பாத்ததும் இறங்கி உக்காந்துட்டாரு.

"விட்டுடுங்க அண்ணி."

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷமா. கண்ணுல புரை. காலையில வேலை ஆரம்பிக்கும்போது என் தாளைப் படிக்கிற மாதிரி அண்ணே தாளையும் நான்தான் சத்தமாப் படிப்பேன். கேக்கறவங்க, இவனுக்கு வாய் சும்மா இருக்காதுன்னு விட்டுடுவாங்க. அண்ணே ஒருதரம் கேட்டாப் போதும், அப்புறம் கையே வேலை செய்யும்."

"புரைன்னா அறுத்து எடுத்துட்டா சரியாப் போற விஷயம்தானே? எங்கிட்ட சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"பயம் அண்ணி. முன்னாடி மில்லிங் மெஷின்ல இருந்தவருக்குக் கண்ணு மங்கலுன்னு தெரிஞ்சதும் பேக்கிங்ல போட்டாங்கல்ல? சரியான அப்புறமும் அவரைத் திரும்ப எடுக்கலை. அதைப் பாத்ததுல இருந்து அண்ணே ஆடிப் போயிட்டாரு. அன்னிக்கு டெஸ்ட்ல தப்பாப் படிச்சா எழுத்துல கோளாறுன்னு நீங்க சொல்லுவீங்க, கண்ணுல கோளாறுன்னு மேனேஜர் சொல்லுவாருன்னு பயந்துட்டாரு."

"சரி. இப்போ உனக்கு வேலை போகுது. மைக்ரானும் படிக்கலைன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. ஏன் சொல்லலை?"

ரேடியோ துணியைப் பிழிஞ்சுக்கிட்டே இருந்தாரு. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அண்ணேகிட்ட வாக்கு குடுத்திருக்கேன். மெஷினை விட்டு இறக்கினா அவரு தாங்க மாட்டாரு. நான் எங்கேயாவது பொழைச்சுக்குவேன்."

"அவரு வந்து உன்னைப் பாத்தாரா?"

"இன்னும் வரலை. சங்கடமா இருக்கும்ல."

சங்கடமாம்! கண்ணு போனதுக்குக் கோபம் இல்லை, அது யார் கையில இருக்கு? என்னை ஏமாத்தினதுக்குக் கோபம். என் பைக்குள்ள கைவிட்டதுக்கு. என் எழுத்தைத் தோக்கடிச்சுட்டு, நானே அதை அழிக்கிற வரைக்கும் வேடிக்கை பாத்ததுக்கு. எல்லாத்துக்கும் மேல, தனக்காக ஒரு வருஷம் தொண்டை கிழியப் படிச்ச மனுஷன் தெருவுக்கு வரும்போதும் வாயைத் திறக்காததுக்கு.

ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் அவரை உக்கார வச்சேன். தாளை எடுத்து மூஞ்சியில வீசியிருக்கலாம். வீசியிருந்தா அழுதிருப்பாரு, நானும் அழுதிருப்பேன். ஆனா மறுநாள் நாலு பேர் முன்னாடி போய்ச் சொல்லியிருப்பாரா? மாட்டாரு. பதினேழு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், எனக்குத் தெரியும். அவரா சொல்லணும். அதுக்கு ஒரு வழி விட்டுக் கேட்டேன்.

"ரேடியோவுக்கு நாளைக்கு வேலை போயிடும். அந்தத் தாளை நீங்க நிஜமாவே கண்ணால பாத்துத்தான் படிச்சீங்களா? இல்லைன்னா இப்போ சொல்லுங்க. நான் கூட இருக்கேன். எதுவா இருந்தாலும் சேந்து பாத்துக்கலாம்."

அவரு என்னைப் பாத்தாரு. என் முகம் அவருக்கு எவ்வளவு தெரிஞ்சுதோ தெரியாது. எழுந்து வந்து என் தலையில கையை வச்சாரு.

"உன் மேல சத்தியமா, பாத்துத்தான் படிச்சேன்."

கை கொஞ்சம் கூட நடுங்கலை. மைக்ரான் கையாச்சே.

அந்தக் கை என் தலையில இருந்தப்பவே எனக்குள்ள ஏதோ ஒண்ணு அறுந்துபோச்சு. சரிங்க, நல்லதுன்னு சொல்லிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போனேன்.

திங்கக்கிழமை காலையில எல்லாருக்கும் முன்னாடி டிராயிங் ரூமுக்குப் போய் அந்தப் பழைய டெஸ்ட் தாளைக் கம்ப்யூட்டர்ல திறந்தேன். நாலாவது வரியைத் தேர்ந்தெடுத்தேன். அழிக்கிற பட்டன் மேல விரலை வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியாது. அப்புறம் அமுக்கினேன். மூணு வரி இருந்துச்சு, அதுக்குக் கீழே வெறும் வெள்ளை. அச்சடிச்சு, மூணு நகல் எடுத்தேன்.

விசாரணை கோட்டு சார் அறையில. ரேடியோ சுவரோரமா நின்னாரு, கையைக் கட்டிக்கிட்டு, தலை குனிஞ்சபடி. இன்ஸ்பெக்டர் இருந்தாரு. சாட்சிக்குன்னு என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருந்தாங்க. தலை வாரி, சட்டைக் கையை மடிச்சு விட்டு, மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தாரு. ரேடியோ பக்கம் திரும்பவே இல்லை.

"சார்," அப்படின்னேன், "அந்தத் தாளை இவரு இன்னொரு தடவை படிக்கட்டும். தப்பில்லாம படிச்சுட்டா ரேடியோதான் அஜாக்கிரதைன்னு நானே கையெழுத்து போட்டுத் தர்றேன். அதுக்கப்புறம் எழுத்தைப் பத்தி என் வாயில இருந்து ஒரு வார்த்தை வராது."

கோட்டு சாருக்குக் கசக்குமா? விடை எழுதின தாளைக் கோப்புல இருந்து எடுத்து முன்னாடி வச்சுக்கிட்டு பேனாவைத் திறந்தாரு. நான் என் தாளை அவருக்குப் பின்னாடி இருந்த பலகையில காந்தத்தால ஒட்டினேன். வீட்டுக்காரர் வந்து ஒரு கை தூரத்துல நின்னாரு. அவருக்கு ரொம்பப் பக்கத்துல நான் நின்னேன். "சரிதானே, அதே தாள்தானே?" அப்படின்னு மெதுவாக் கேட்டாரு.

அப்பவும் என்னால தடுத்திருக்க முடியும். "படிங்க" அப்படின்னேன்.

ஆரம்பிச்சாரு. கோட்டு சார் பலகைப் பக்கம் திரும்பலை, விடைத் தாளைப் பாத்து டிக் போட்டுக்கிட்டே வந்தாரு. சரி. சரி. சரி. முதல் வரி முடிஞ்சுது. ரெண்டாவது முடிஞ்சுது. மூணாவது முடிஞ்சுது. நிறுத்துங்க, இதோட நிறுத்திடுங்க, மிச்சம் தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு மனசுக்குள்ள கெஞ்சினேன். சுவரோரமா ரேடியோ தலையைத் தூக்கிப் பாத்தாரு.

"அண்ணே…" அப்படின்னாரு.

"இரு, முடிச்சுடறேன்" அப்படின்னுட்டு என் வீட்டுக்காரர் கண்ணை லேசா இடுக்கிக்கிட்டு, வெறும் வெள்ளைத் தாளைப் பாத்துப் படிச்சாரு.

"அறுபத்தெட்டு புள்ளி மூணு அஞ்சு. முப்பத்தாறு புள்ளி எட்டு. எண்பத்தாறு புள்ளி ஒண்ணு. பதினொண்ணு புள்ளி ஏழு. தொண்ணூத்தாறு புள்ளி பூஜ்யம் ஆறு. எண்பத்தெட்டு."

"இருபத்தி நாலுக்கு இருபத்தி நாலு!" கோட்டு சார் பேனாவை மூடினாரு. யாரும் கை தட்டலை. இன்ஸ்பெக்டர் வாயைப் பொளந்துக்கிட்டு பலகையைப் பாத்துக்கிட்டிருந்தாரு. ரேடியோ கண்ணை மூடிக்கிட்டாரு.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினாரு. சிரிச்சாரு. "என்ன, எல்லாம் சரிதானே?" அப்படின்னாரு.

"மூணு வரி சரிங்க," அப்படின்னேன். "நாலாவது வரியில ஒண்ணுமே இல்லை."

அந்தச் சிரிப்பு முகத்துல இருந்து போக ரொம்ப நேரம் ஆச்சு. கோட்டு சார் எழுந்து வந்து தாளைப் பிச்சு எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பாத்தாரு. வீட்டுக்காரர் அவரைப் பாக்கலை, ரேடியோவைப் பாக்கலை. என்னைத்தான் பாத்தாரு.

"நீயா?" அப்படின்னு கேட்டாரு. "நீயா இப்படிப் பண்ணினே?"

நான் இன்னொரு தாளை வெளியே எடுத்தேன். புது எழுத்து, புது எண்கள், மூணாவது நகல். அதை இன்ஸ்பெக்டர் கையில குடுத்துப் படிக்கச் சொன்னேன். நல்ல கண்ணுதான் அவருக்கு, இருபத்தி நாலுல ஏழு தப்பு. ரேடியோ மறுநாளே லேத்துக்குத் திரும்பினாரு. பழைய எழுத்து ஒரே வாரத்துல டிராயிங்குக்குத் திரும்பிடுச்சு. என் வீட்டுக்காரரை பேக்கிங்ல போட்டாங்க. கண்ணு சரியானதும் பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.

எனக்கு வாய்விட்டு நன்றி சொன்னவங்க யாரும் இல்லை. ரேடியோ கூட, "கொஞ்சம் பொறுத்திருக்கலாம் அண்ணி" அப்படின்னுதான் சொன்னாரு. எதுக்குப் பொறுக்கறது, நீ தெருவுக்குப் போற வரைக்குமா? கத்திட்டேன். கத்தினதும் அழுகை வந்துடுச்சு.

போன வாரம் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன். வலது கண்ணுல கட்டு, இடது கண்ணு அடுத்த மாதம். தலையணையை அண்டக் குடுத்து உக்கார வச்சேன். ரேடியோ வந்திருந்தாரு, கால்மாட்டுல ஸ்டூல் போட்டு உக்காந்து ஷாப்புக் கதை சொல்லிக்கிட்டிருந்தாரு. அவங்க ரெண்டு பேரும் பழையபடி பேசிக்கிட்டாங்க. ஆம்பளைங்க எப்படியோ சேந்துக்கறாங்க.

சொட்டு மருந்து நேரம் வந்துச்சு. டாக்டர் சீட்டை எடுத்தேன்.

"என்ன போட்டிருக்கு?" அப்படின்னாரு.

"நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ரெண்டு சொட்டு."

அவரு கையை நீட்டினாரு. சீட்டைக் குடுத்தேன். அதை அவரு கால்மாட்டுப் பக்கம் நீட்டினாரு.

"ரேடியோ, நீ ஒரு தடவை படி."

ரேடியோ என்னைப் பாத்தாரு. சீட்டை வாங்கிக்கிட்டாரு. அவரு குரல் அவ்வளவு சின்னதா நான் கேட்டதே இல்லை. "அதேதான் அண்ணே. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ரெண்டு சொட்டு."

"சரி" அப்படின்னுட்டு தலையைப் பின்னால சாய்ச்சாரு.

என் தலையில கையை வச்சு பொய் சத்தியம் பண்ணின மனுஷனுக்கு, நான் படிச்சா நம்பிக்கை இல்லையாம்! கேட்டுடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கலை. கட்டை மெல்ல விலக்கி, ரெண்டு சொட்டு விட்டேன்.